ஒரு ஆள் இருக்கட்டும்

அடுத்த மாதம் நான் திருச்சிக் கிளைக்குப் போகிறேன். இத்தனை நாள் நான் பார்த்த வேலையை இனி நீங்கள் பார்க்கப் போகிறீர்கள். பொதுவாக ஓய்வு பெறுகிறவர்கள்தான் இப்படிப் புதியவர்களைக் கூட்டி வைத்து அனுபவம் பேசுவார்கள். எனக்கு இன்னும் முப்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் சொல்லத்தான் போகிறேன். சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அம்மாவும் அப்பாவும் அலங்காநல்லூர் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். நான் தோட்டக்கலையில் பட்டம் வாங்கினேன். யாராவது என்னை ‘மேடம்’ என்று கூப்பிட்டால் இன்றைக்கும் கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்காருவேன். அதை மறைப்பதில்லை.

மண், உரம், பூச்சி பற்றியெல்லாம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். நாம் ஒரு வீட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ தோட்டம் போட்டுக் கொடுக்கும்போது அதில் பாதி பொருள் வெளியிலிருந்து வருகிறது. செடி ஒரு இடம், செங்கல் ஒரு இடம், புல்தரை ஒரு இடம், தென்னை நார்த்தூள் ஒரு இடம். அந்த இடங்களில் வேலை செய்கிறவர்கள் அவர்கள் விருப்பப்படிதான் அங்கே இருக்கிறார்களா என்று பார்ப்பதும் உங்கள் வேலை. அதை எப்படிப் பார்ப்பது என்று மட்டும் சொல்கிறேன்.

இந்த வேலை எனக்கு வந்த கதை சுவாரசியமானது. ரிங் ரோட்டில் ஒரு ஓட்டல் கட்டினார்கள். தோட்ட வேலை நமக்குக் கிடைத்தது. ஓட்டல்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள்: நம்மிடமும் சரி, நமக்குச் சரக்குத் தருகிறவர்களிடமும் சரி, கொத்தடிமை யாரும் இல்லை என்று பார்த்து உறுதி சொல்ல வேண்டும். நம் முதலாளி அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“கொத்தடிமையா? நம்ம மதுரையிலயா? சங்கிலி போட்டு எவன்டி கட்டி வச்சிருக்கான்?”

“போய்ப் பாத்துட்டு வாரேன்க்கா.”

“போ, போ. படிச்ச புள்ள நீதான். பாத்துட்டு வந்து ‘இல்ல’ன்னு சொல்லிரு. வேலைய ஆரம்பிப்போம்.”

முதலில் போனது எழுமலைப் பக்கம் ஒரு நார்த்தூள் களம். நம் வண்டி ஓட்டும் சேகர் அண்ணன்தான் கூட்டிப்போனார். இரும்புக் கதவு, உள்பக்கம் பெரிய பூட்டு. உள்ளே பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். முதல் நாளே கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

“யாரு பூட்டுனது?” என்று கதவுக்கு வெளியே நின்று அதட்டினேன்.

“நாந்தேன்” என்றாள் ஒருத்தி. முந்தானை முடிச்சிலிருந்து சாவியை எடுத்துத் திறந்துவிட்டாள். “ஊரு ஆடு அம்புட்டும் உள்ள வந்து நாரை மிதிக்குது. நீங்க யாரு, ஆட்டுக்காரவுகளா?”

உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சேகர் அண்ணன் திரும்பி வரும் வழியெல்லாம், “ஆட்டுக்கார மேடம், டீ சாப்புடுவமா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். பூட்டை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

அடுத்துப் போனது மேலூருக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு புல் தோட்டம். பாய் மாதிரி வெட்டிக்கொண்டு வந்து தரையில் விரிப்போமே, அந்தப் புல்லை அங்கேதான் பல வருஷமாக வாங்கிக்கொண்டிருந்தோம். அதற்குக் கதவே கிடையாது. வேலியும் பேருக்குத்தான். முதுகுளத்தூர்ப் பக்கமிருந்து வந்த சில குடும்பங்கள் தோட்டத்திலேயே தங்கி, நாள் முழுக்கக் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தன. தோட்டக்காரர் தங்கமான மனுஷர் என்று நம் அக்கா சொல்வார். பொங்கலுக்குத் துணி எடுத்துக் கொடுப்பார். யாரையும் வாடா போடா என்று பேச மாட்டார். நான் போனதும் இளநீர் வெட்டிக் கொடுத்து, “நல்லாக் கேளும்மா, யாருகிட்ட வேணாலும் கேளு” என்று சொல்லிவிட்டு, அவரே தூரமாகப் போய் நின்றுகொண்டார்.

கேட்டேன். கூலி வருகிறதா? வருகிறது. அடிப்பாரா? சீச்சீ. வெளியே போக விடுவாரா? இந்தக் கேள்விக்கு முத்துமாரி என்ற பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“எங்கள யாரு மேடம் கட்டிப் போட்டா? முந்தாநேத்து மேலூர் சந்தைக்குப் போயிட்டு வந்தேன். எங்க வீட்டுக்காரரு சல்லிக்கட்டு பாக்கப் போயிட்டு வந்தாரு. இந்தா, அடுத்த வாரம் எந்தம்பிக்குக் கல்யாணம். ஊருக்குப் போறேன். நாந்தான் நாத்தனா முடிச்சுப் போடணும்.”

மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சுப் போட்டதும் மீதியைக் கூடப்பிறந்தவள் போடுவது நம் பக்கத்து வழக்கம். கூடப்பிறந்தவளுக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நானும் சந்தோஷமாகக் கேட்டேன்.

“வீட்டுக்கார அண்ணனும் உங்க பாப்பாவும் வாராகளா?”

“பாப்பாவக் கூட்டிட்டுப் போறேன். அவரு இருப்பாரு. ஒரு ஆள் இருக்கணும்ல.”

“எதுக்கு ஒரு ஆள்?”

“எதுக்குன்னா?” அவள் கொஞ்சம் யோசித்தாள். “இருக்கணும். எப்பவும் அப்படித்தான்.” சொல்லிவிட்டுக் குனிந்து களையைப் பிடுங்க ஆரம்பித்தாள்.

வண்டியில் ஏறினேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அக்காவுக்குப் போன் பண்ண எடுத்தவள், பண்ணாமல் வைத்தேன். மாப்பிள்ளையின் அக்கா வருகிறாள், அக்கா புருஷன் வரவில்லை. நம் ஊரில் எந்தக் கல்யாணத்தில் இது நடக்கும்? அடித்துக்கொண்டு கிடக்கிற சொந்தக்காரர்கள்கூட அந்த நாளுக்கு வந்து நிற்பார்கள். முனியசாமி என்ற அந்த மனுஷனுக்கு உடம்புக்கும் ஒன்றும் இல்லை, மச்சினனோடு சண்டையும் இல்லை. அப்படியிருந்தும் அவர் வரமாட்டார் என்பதை, மழை வந்தால் நனைவோம் என்பதுபோல அவள் சொன்னாள்.

“சேகர் அண்ணே, வண்டியத் திருப்புங்க.”

“என்ன, ஆட்டுக்குட்டிய விட்டுட்டு வந்துட்டியா?”

“கைக்குட்டைய விட்டுட்டேன். திருப்புங்கண்ணே.”

இந்த முறை நின்றுகொண்டு கேட்கவில்லை. உட்கார்ந்து அவர்களோடு களை எடுத்தேன். பட்டம் வாங்கியவளுக்குக் களை எடுக்கவும் தெரியும் என்று அவர்களுக்கு வியப்பு. கேள்வியையும் மாற்றினேன். கடைசியாக வீட்டோடு சேர்ந்து எந்த விசேஷத்துக்குப் போனீர்கள் என்று கேட்டேன். காதுகுத்து, சடங்கு, சாவுத் துட்டி என்று ஒவ்வொருவரும் ஒன்றைச் சொன்னார்கள். ஒன்றில் புருஷன் போயிருக்கிறான், இன்னொன்றில் பெண்டாட்டி போயிருக்கிறாள். சேர்ந்து போனதாக ஒருவர்கூடச் சொல்லவில்லை. சொல்லச் சொல்ல அவர்களுக்கே அது கேட்டிருக்க வேண்டும். ஒவ்வொருவராகக் களையை எடுத்துக்கொண்டே தள்ளிப் போனார்கள்.

முத்துமாரி மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

“எம்மாமியா செத்தப்ப எங்க வீட்டுக்காரரு மட்டுந்தான் போனாரு. நான் இங்கன உக்காந்து அழுதேன். ரெண்டு பேரும் போறோம்னு தோட்டக்காரருகிட்டக் கேட்டா, ‘சேந்து போனா நீங்க திரும்பி வர மாட்டீக’ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுவாரு. வைய மாட்டாரு.”

“முன்பணம் வாங்குனீங்களா?”

“அந்த மாமியாளுக்கு ஆப்பரேசன் பண்ண வாங்குனதுதான். வேலை செஞ்சு கழிஞ்சிருச்சான்னு கேட்டா, ‘அதெல்லாம் எங்கணக்கு, நீ ஏன் கவலப்படுறவ’ம்பாரு.”

பணத்துக்கு ஆளைப் பிடித்து வைத்திருப்பது குற்றம் என்றும், அப்படிப்பட்ட கடன் சட்டத்தில் செல்லாது என்றும் அவளுக்குச் சொன்னேன். பிறகு ஒன்று கேட்டேன். நீங்களும் இதைக் கேட்காமல் எதையும் செய்யாதீர்கள். “நான் என்ன செய்யணும்னு நீங்க நெனைக்கிறீங்க?” என்று கேட்டேன்.

அவள் கையிலிருந்த கோரைக் கிழங்கை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

“கல்யாணத்துக்கு நாங்க மூணு பேரும் போகணும். எனக்கு அது போதும். ஆனா இது முன்னாடியே அவரு காதுக்குப் போச்சுன்னா, எங்க மூணு பேத்தையும் மூணு தோட்டத்துக்குப் பிரிச்சு அனுப்பிருவாரு. ஒருக்கா ஒரு வீட்டுக்காரவுகள அப்படித்தான் பண்ணாரு.”

இப்போது நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? புல் வாங்குவதை நிறுத்திவிடலாம். நம் கை சுத்தமாகிவிடும். ஓட்டல்காரர்களுக்கும் உறுதி சொல்லிவிடலாம். வேறு யாராவது அந்தப் புல்லை வாங்குவார்கள், முத்துமாரி அங்கேயே குனிந்துகொண்டிருப்பாள். ஆகவே அதை நான் ஒரு வழியாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

அக்காவிடம் வந்து நடந்ததைச் சொன்னேன், கொத்தடிமைகளை மீட்கிற அதிகாரம் உள்ள கோட்டாட்சியரிடம் போகப் போகிறேன் என்றும் சொன்னேன். அக்கா முழுவதும் கேட்டார். முகம் வாடிவிட்டது. பிறகு செய்தார் பாருங்கள் ஒரு வேலை, போனைக் கையில் எடுத்தார்.

“இரு. அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோம்.”

“அக்கா, வேண்டாம்.”

“இம்புட்டு வருசப் பழக்கம்டி. எம்மக கல்யாணத்துக்குப் பந்தல்ல நின்னு பரிமாறுனவன். அவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம ஆபீசருகிட்டப் போனா, நாளைக்கு எந்த மொகத்த வச்சுக்கிட்டு அவனப் பாக்குறது?”

நம் ஊர்ப் பெரிய மனுஷர்கள் எல்லோரும் செய்யக்கூடிய தவறு இது. கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. குற்றம் சொல்வதற்கு முன்னால் ஆளை நேரில் கேட்டுவிடுவதுதான் நாகரிகம் என்று வளர்ந்திருக்கிறோம். மற்ற எல்லாவற்றுக்கும் அது நல்ல பழக்கம்தான். இந்த ஒன்றில் மட்டும் அந்த ஒரு வார்த்தை முத்துமாரியின் குடும்பத்தைப் பிரித்துவிடும்.

போன் மேல் கையை வைத்தேன். முதலாளியின் கையைப் பிடித்துத் தடுத்தது அதுதான் முதல் தடவை. “நீங்க கேட்டீங்கன்னா அவுக நாளைக்கு அங்க இருக்க மாட்டாகக்கா.”

வாசலில் நின்ற சேகர் அண்ணனும் சேர்ந்துகொண்டார். “நீங்க கேக்குற ஒரு வார்த்தைக்கு அவரு பதில் சொல்ல மாட்டாரு அக்கா. வண்டியத்தான் எடுப்பாரு.”

அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போனை என் கையில் திணித்தார்.

“இந்தா, இத நீயே வச்சுக்க. எங்கிட்ட இருந்தா நான் பேசிருவேன். என்னைய எனக்குத் தெரியும்.”

அதிலிருந்து அக்காவின் போனும் என்னிடம்தான். அக்காவின் சம்பந்தி கூப்பிட்டார், பால்காரர் கூப்பிட்டார், எல்லோருக்கும் பதில் சொன்னேன். கோட்டாட்சியர் அலுவலக வராந்தாவில் என் முறைக்காக உட்கார்ந்திருந்தபோது ஒரு அழைப்பு வந்தது. பார்த்தால் புல் தோட்டக்காரர்.

“அக்கா இல்லையாம்மா?”

“கோயிலுக்குப் போயிருக்காங்க.”

“போனக் குடுத்துட்டா போயிருக்காக?”

“ஆமாங்க. சாமி கும்புடுறப்ப தொந்தரவா இருக்காம்.”

“அதுவும் சரிதான். ஓட்டலுக்கு லோடு எப்ப ஏத்தணும்னு கேட்டுச் சொல்லு.” வைத்துவிட்டார். பக்கத்தில் பட்டாவுக்காகக் காத்திருந்த ஒருவர், “எந்தக் கோயிலும்மா?” என்று கேட்டார். நான் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, என்னைக் கூப்பிடுகிறார்களா என்று உள்ளே எட்டிப் பார்த்தேன்.

கோட்டாட்சியர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். “இவங்க எல்லாரும் நல்லா இருக்கோம்னு சொல்லிட்டா நான் என்னம்மா பண்றது?” என்றார். சரியான கேள்விதான். “சொல்லத்தான் சார் செய்வாங்க. எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க. அவங்ககிட்டக் கேக்காம, மூணு பேரையும் சேந்து கிளம்பச் சொல்லிப் பாருங்க” என்றேன். அவர் சிரித்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. ஆனால் மறுநாள் காலையில் தாசில்தாரையும் தொழிலாளர் துறைக்காரர்களையும் போலீசையும் என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

தோட்டத்தில் முன்பு போலவே எல்லாம் நடந்தது. இளநீர் வந்தது. தோட்டக்காரர் தூரமாகப் போய் நின்றார். அதிகாரிகள் கேட்ட கேள்விக்கெல்லாம் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு “நல்லா வச்சிருக்காரு சார்” என்றார்கள். முத்துமாரிகூட அப்படித்தான் சொன்னாள். காக்கி உடுப்பையும் இத்தனை வண்டிகளையும் பார்த்தால் யாருக்குத்தான் வாய் வரும்? தாசில்தார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. அதிகாரிகள் இப்படியே திரும்பிப் போனால், அன்று சாயந்தரமே அந்தக் குடும்பம் பிரிந்துவிடும்.

கோட்டாட்சியர் எழுந்தார். வேட்டியைத் தட்டிக்கொண்டு நின்ற முனியசாமியைப் பார்த்து, சொந்தக்காரரிடம் பேசுவதுபோலச் சொன்னார்.

“ஏம்பா, மச்சினனுக்குக் கல்யாணமாமே. எங்க வண்டி சும்மாதான் போகுது. மூணு பேரும் துணிமணிய எடுத்துட்டு ஏறுங்க, பஸ் ஸ்டாண்டுல விட்டுர்றோம்.”

தோட்டக்காரர் சிரித்த முகத்தோடு பக்கத்தில் வந்தார். “தாராளமாப் போகட்டும் சார், நான் என்ன தடுத்தா வச்சிருக்கேன். ஒரு ஆள் மட்டும் இருக்கட்டும்.”

“எந்த ஆள்?”

“யாராச்சும் ஒருத்தரு சார். இவன் போகணும்னா போகட்டும். புள்ளைய விட்டுட்டுப் போனாலும் சரிதான், நாங்க நல்லாப் பாத்துக்குவோம்.”

அவர் அதை எந்தக் கள்ளமும் இல்லாமல் சொன்னார். அதில் தவறு இருப்பதே அவருக்குத் தெரியவில்லை.

“புள்ளையவா?” என்றார் முனியசாமி. அதுவரை அவர் வாயைத் திறந்து பேசி நான் கேட்டதே இல்லை. “புள்ளையவா விட்டுட்டுப் போகச் சொல்றீக?”

அதற்குப் பிறகு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மாமியார் சாவு, அக்கா மகள் சடங்கு, தங்கச்சி பிரசவம், தாங்கள் போகாமல் விட்டதையெல்லாம் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு சொன்னார்கள். கோட்டாட்சியர் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். சாயந்தரத்துக்குள் எல்லாக் குடும்பங்களுக்கும் விடுதலைச் சான்றிதழ் கொடுக்க ஏற்பாடு ஆனது. தோட்டக்காரர் மேல் வழக்கும் பதிவானது. அவர் என்னைப் பார்த்து, “அக்கா கோயிலுக்கா போச்சு?” என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று சொல்லமாட்டேன். ஓட்டலுக்குப் புல் தாமதமானது. அக்கா அவர்களிடம் நடந்ததை நடந்தபடி சொல்லி, அவகாசம் கேட்டு வாங்கினார். சில குடும்பங்கள் ஊரோடு போய்விட்டன. ஒரு குடும்பம் சில மாதம் கழித்து மேலூர்ப் பக்கமே இன்னொரு தோட்டத்துக்கு வேலைக்கு வந்தது. எனக்குக் கோபமாக இருந்தது. போய்ப் பார்த்தேன். “இப்ப நாங்க சனிக்கெழமை ஆனா ரெண்டு பேரும் கெளம்பிருவோம் மேடம்” என்றார்கள். என் கோபத்துக்கு அங்கே வேலை இல்லை என்று தெரிந்தது. எங்கே வேலை செய்வது என்பது அவர்கள் பாடு.

நீங்கள் சரக்கு எடுக்கப் போகும் இடங்களில் நான் கேட்ட கேள்வியை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டு போகாதீர்கள். ஒவ்வொரு இடத்திலும் பிடித்து வைக்கிற விதம் வேறாக இருக்கும். அங்கே இருக்கிறவர்கள் வாழ்க்கையில் எது நடந்தே தீர வேண்டுமோ, அது நடக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் முதலில் அவர்களிடம் பேசுங்கள், பிறகு அதிகாரியிடம் போங்கள். நடுவில் யாருக்கும் மரியாதைக்காகக்கூட ஒரு வார்த்தை சொல்லாதீர்கள். அக்கா போனை எடுத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்துவிடுவார், பழகிவிட்டது.

கல்யாணத்துக்கு அக்காவும் நானும் சேகர் அண்ணனும் போயிருந்தோம். சின்ன ஊர், பள்ளிக்கூடத்தை ஒட்டிப் பந்தல். முத்துமாரி சிவப்புப் பட்டில் வந்து நின்று, தம்பி போட்ட முடிச்சுக்கு மேல் மீதி முடிச்சுகளைப் போட்டாள். ஒவ்வொரு முடிச்சையும் இழுத்து இழுத்துப் பார்த்ததால் நேரமாகி, பின்னாலிருந்து ஒரு பெரியவர், “என்னத்தா, தாலிக்கு முடிச்சுப் போடுறியா, மூட்டை கட்டுறியா?” என்று கேட்க, பந்தலே சிரித்தது. அவள் மகள் எல்லோரையும் தள்ளிக்கொண்டு முன்னால் நின்று பார்த்தாள்.

பந்தி நடந்துகொண்டிருக்கும்போது வெளியே ஒரே கூச்சல். என்னவோ ஏதோ என்று ஓடினோம். முனியசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெயிலில் ரோட்டைப் பார்த்து விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தார். மச்சான் முறைக்கு அவருக்கு மரியாதையாகப் போட வேண்டிய துண்டை யாரோ தவறிப்போய் மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்குப் போட்டுவிட்டார்களாம். பொண்ணு வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் அவர் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையே மாலையோடு ஓடினான். “மச்சான், நில்லுங்க மச்சான்.” அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அக்கா பதறிப்போனார். “அடியே முத்துமாரி, உம்புருசன் கோவிச்சுக்கிட்டுப் போறான். போய்க் கூட்டிட்டு வாடி.”

முத்துமாரி சாம்பார் வாளியோடு நின்றபடி எட்டிப் பார்த்தாள்.

“போகட்டும்க்கா, கொஞ்ச தூரம் போகட்டும்” என்றாள். “அவரு இப்படிக் கோவிச்சுக்கிட்டுப் போயி எம்புட்டு வருசமாச்சு.”